ஆறாம் காம்பராவின் காற்று

வெள்ளிக்கிழமைக்குள் ஒரு படம்.
இரண்டே நிறம். முகங்கள் வேண்டாம்.
"நினைவைத் தொட்டு, முகர்ந்து, கேட்கிற மாதிரி"
என்று கொழும்பிலிருந்து அனோமா சொன்னார்.
சொன்ன கையோடு யாரிடமோ
பார்சல் சோற்றுக்கு மீனா முட்டையா என்று கேட்டார்.
அதுவும் காதில் விழுந்தது.

பண்டாரவளை, மருந்துக்கடை மாடி.
கீழே யாரோ தைலப் போத்தலைத் திறந்தால்
மேலே என் தாளில் ஏறிக்கொள்ளும் வாடை.
வாடைக்கு ஒரு கோடு உண்டா?
போட்டுப் பார்த்தேன். நெளிந்தது.
எல்லா விளம்பரச் சோற்றுக்கும் மேலே
நெளிகிற அதே கோடு.
அழித்தேன்.

கூடை சுமந்தவளை வரையமாட்டேன்.
தேயிலைப் பெட்டிகளில் அவளை
எத்தனை வருஷமாய் நிற்கவைத்தாயிற்று,
இன்னும் சிரித்தபடி நிற்கிறாள்,
கால் கடுக்காதா அவளுக்கு.

அம்மாவின் கட்டைவிரலை வரைந்தேன்.
வெடிப்புக்குள் இறங்கிக் கறுத்த
கொழுந்துக் கறையையெல்லாம்
மலையில் ஏறும் குறுக்குப் பாதைகளாக்கினேன்.
நன்றாக வந்தது.
நன்றாக வந்ததுதான் குறை:
அந்த விரல் என் வாயைத் துடைக்கும்போது
கசக்கும்.
தாளை நக்கிப் பார்க்கவா முடியும்?

பிறகு லயம்.
பத்துக் காம்பரா, ஒரே தகரம்.
நடுச்சுவர் எதுவும் கூரையைத் தொடாது.
நாலாம் காம்பராவில் கருவாடு பொரிந்தால்
எங்கள் வெறும் ரொட்டி மணக்கும்.
மூன்றில் சண்டை என்றால்
எட்டில் விளக்கைத் தணித்துவிட்டுக் கேட்பார்கள்.
எங்களது ஐந்து.
ஆறில் சவரியப்பன் மாமா.
மழை தகரத்தை விட்டுவைத்த ராத்திரிகளில்
அங்கிருந்து மவுத் ஆர்கன் கேட்கும்.
இரண்டே சுரம்,
உள்ளே ஒன்று, வெளியே ஒன்று.
மூன்றாவது சுரம் வருமென்று காத்திருந்தே
தூங்கிப்போவேன்.

கை தானாக வரைந்தது அதற்குப் பிறகு:
லயமே மவுத் ஆர்கன்,
பத்துக் கதவும் பத்துத் துளை,
பள்ளத்திலிருந்து ஏறிவருகிற பனிமூட்டம்
உதடு குவித்து
அதை வாயில் வைக்கிறது.
எழுந்து போய்ப் பிளேன்டீ ஊற்றிக் குடித்தேன்.
அப்படி ஒரு திமிர்.

ஜோர்தானில் அக்காவுக்கு அனுப்பினேன்.
இடைவேளையில் எடுத்தாள்.
"படம் நல்லாத்தான் இருக்கு.
சவரியப்பன் மாமாகிட்ட ஏதுடா மவுத் ஆர்கன்?
அது இழுப்பு. பெக்டரித் தூசி.
ராவெல்லாம் ஒக்காந்துகிட்டேதான் தூங்குவாரு.
நடுச்சாமத்துல அம்மா செவத்தத் தட்டும்,
இருக்கியாண்ணேன்னு.
அவரு திருப்பித் தட்டுவாரு.
தட்டுறதுகூடவா ஞாபகமில்ல?"

ஞாபகம் இருந்தது.
தாளம் என்று.

அவள் பக்கம் மணி அடித்தது,
தையல் மெசின்கள் ஒன்றாய் எழுந்தன,
போய்விட்டாள்.

நுரையீரல் வரைந்தேன்,
பள்ளிக்கூடச் சுவர்ப்படமாய்த் தொங்கியது.
பனியின் உதடுகளை அழித்தேன்.
மறுபடி போட்டேன்.
ஏழு வருஷம்
ஒரு மனிதனின் மூச்சுத் திணறலைத்
தாலாட்டாகப் போர்த்திக்கொண்டு கிடந்திருக்கிறேன்.
இரண்டு நிறத்தில் எந்த நிறம் இதற்கு?

விடியும் நேரம், தாளைக் குப்புறப் போட்டு
ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவிலுள்ள சுவரில்
மழுங்கிய ஆணியால்
இரண்டு இடத்தில் அழுத்தினேன்.
திருப்பினால், இரண்டு சின்ன மேடு.
மையில்லை. பார்த்தால் தெரியாது.
தடவினால் உண்டு.

ஸ்கேனில் அது விழாது.
விழவுமில்லை.
"அருமை! பாட்டே கேட்கிறது"
என்று அனோமாவிடமிருந்து பதில்,
பணம் அடுத்த மாதம்.

மூலப்படம் இங்கேதான், மேசையில்.
கீழே மருந்துக்கடையின் இரும்புக் கதவை
இழுத்துப் பூட்டுகிறார்கள்.
விளக்கை அணைத்துவிட்டு
சுட்டுவிரலால் சுவரைத் தேடுகிறேன்.
ஒன்று உடனே கிடைக்கிறது.